போறணை வாயில் மூன்று பிடி

சுபஹு தொழுதுவிட்டுக் கோழிக்கூட்டைத் திறக்கப் பின்வளவுக்கு வந்த கமீலா, ரொட்டி சுடக் கட்டிய புதுப் போறணையின் வாய்க்குள் மணல் கிடப்பதைக் கண்டாள். கொஞ்சம்தான். அடுத்தடுத்து மூன்று சின்னக் குவியல்கள், யாரோ கைப்பிடியாக அள்ளி மெல்ல வைத்துவிட்டுப் போனதுபோல. முந்தின நாள் பின்னேரம்தான் அவள் புருஷன் றிபாஸ் அந்தச் செங்கல் தரையை ஈரச் சாக்கால் துடைத்து, இதில் சோறு போட்டுத் தின்னலாம் என்று பெருமையடித்திருந்தான்.

மகள் அம்ஹாவின் வேலை என்றுதான் முதலில் நினைத்தாள். பாலர் பள்ளிக்குப் போகத் தொடங்கியதிலிருந்து அந்தப் பிள்ளை எதைக் கண்டாலும் எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் போறணையின் வாய் கமீலாவின் இடுப்புக்கு மேலே இருந்தது; அம்ஹா நுனிக்காலில் நின்றாலும் எட்டாது. குனிந்து பார்த்தாள். ஒவ்வொரு குவியலிலும் விரல்கள் அழுந்திய தடம். பெரிய கை. மோதிர விரலும் சுண்டுவிரலும் இருக்கவேண்டிய பக்கத்தில் மட்டும் தடம் இல்லாமல் மணல் சரிந்து கிடந்தது.

கூப்பிட்டதும் றிபாஸ் பல் தீட்டிக்கொண்டே வந்தான். வாயாடி மனிதன்; ஒரு ஆணி அடித்தாலும் அதை எப்படி அடித்தேன் என்று பொழுது சாயும்வரை கதைப்பான். குவியல்களைப் பார்த்ததும் வாயில் நுரையோடு அப்படியே நின்றான். பிறகு "பூனை" என்று மட்டும் சொன்னான். மணலை இரண்டு கையாலும் வழித்தெடுத்து, எறியாமல், வேலி மூலைக்குக் கொண்டுபோய் வைத்து, உதடு அசைய என்னவோ ஓதினான். பூனை கொட்டிய மணலுக்கு யார் ஓதுவார்கள் என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கோழிக்கூட்டைத் திறக்கப் போய்விட்டாள்.

கல்முனைக்குடியில், கடலிரைச்சல் குசினி அடுப்படி வரை கேட்கும் ஒரு குறுகிய ஒழுங்கையில் இருக்கிறது அந்த வீடு. ஊர் வழக்கப்படி கமீலாவின் வாப்பா அவளுக்குச் சீதனமாகக் கட்டிக் கொடுத்தது. றிபாஸ் அட்டாளைச்சேனையிலிருந்து மாப்பிள்ளையாக வந்தவன். வந்த சூட்டோடு கட்டாருக்குப் போய், டோஹாவில் ஒரு உணவகத்தின் விறகுப் போறணைக்கு முன்னால் வருடக்கணக்காக வெந்துவிட்டு, இனிப் போகமாட்டேன் என்று திரும்பியிருந்தான். நோன்பு தொடங்குவதற்குள் பின்வளவில் ஒரு போறணை கட்டி, நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சுடச்சுட ரொட்டியும் பீட்சாவும் விற்பது அவன் ஆசை. அவளுக்கும் அதுதான் ஆசை. அம்ஹாவுக்கு இத்தனை காலமும் வாப்பா என்றால் ஃபோனுக்குள் இருக்கிற ஒரு முகம். விமானம் ஏறப்போகிறார் என்று தெரிந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துவிடும். போறணை சரிவந்தால் அந்த மனிதன் வீட்டோடு இருப்பான். அதற்காகக் கமீலா எதையும் பொறுத்துக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

கட்டியவர் பாண்டிருப்பு மேசன் கதிர்காமன். சாந்து சுரண்டுவதற்கென்றே சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்த, சிரித்த முகமான மனிதர். முறை சொன்னது றிபாஸ். மேடைமேல் ஈரமணலைப் பானை கவிழ்த்த மாதிரிக் குவித்து, அதன்மேல் நனைத்த பேப்பர் ஒட்டி, சுற்றிவரக் களிமண் சாந்து வைத்துச் செங்கல் அடுக்கவேண்டும். கல் இறுகியதும் வாய்வழியே மணலைத் தோண்டி எடுத்துவிட்டால் கூடு மிஞ்சும். மணலை றிபாஸ் ஒரு பின்னேரம் இரவல் லேண்ட்மாஸ்டர் உழவு மெஷினில் தனியாகப் போய் ஏற்றிவந்தான். எங்கே எடுத்தது என்றதற்குக் கடற்கரையில் என்றான். சாந்துக்கும் அதே மணல்தான். சாந்தில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் தெரிந்தன. சிப்பி என்றான்.

மணல் தோண்டிய நாளில் கதிர்காமன் வாளி வாளியாக வெளியே தள்ளிக்கொண்டே இருந்தார். நோன்புக்கு முன்னால் வளவுக்குப் புது வெள்ளை மணல் பரப்புவது ஊர் வழக்கம் என்பதால், வந்த மணலைக் கமீலா சந்தோஷமாகப் பரப்பினாள். கிணற்றடி, மாமரத்தடி, குசினிப் படி, முன்வாசல், கேற்றடி என்று வீட்டைச் சுற்றிவரப் பரப்பி முடிந்தும் மணல் வந்துகொண்டிருந்தது. ஒரு லேண்ட்மாஸ்டர் பெட்டி மணலில் பாதி சாந்துக்குப் போனபிறகு, உள்ளே போட்டது இவ்வளவா என்று அவளுக்கே மலைப்பாக இருந்தது. "தம்பி, நீங்க போறணை கட்டல்ல, மணல் ஊத்துத் தோண்டியிரிக்கீங்க" என்று கதிர்காமன் சிரித்தார். றிபாஸ் சிரிக்கவில்லை.

பச்சைப் போறணைக்கு எடுத்த எடுப்பில் பெரிய நெருப்பு வைத்தால், கல்லுக்குள் இருக்கும் ஈரம் கொதித்துக் கூடு வெடித்துவிடும். அதனால் குழந்தைக்குச் சோறு பழக்குவதுபோல அதைச் சூட்டுக்குப் பழக்கவேண்டும். முதலில் நாலு தேங்காய்த் தும்பும் பொச்சும்; மறுநாள் சிரட்டை; அதற்கடுத்த நாள் சுள்ளி; கடைசியில்தான் இறக்காமத்திலிருந்து வந்திருந்த பாலை விறகு. குவியல்கள் கிடந்த அன்றுதான் முதல் நெருப்பு; பின்னேரம் அஸர் பாங்கு ஓய்ந்து, கடலிரைச்சலும் முருங்கையில் காகங்களின் சண்டையும் மட்டும் மிஞ்சியிருந்த நேரத்தில், போறணையின் முதுகு மெல்ல வேர்க்கத் தொடங்கியது. துளிகள் கூடிக் கோடாகி, களிமண்ணில் வழிந்து, மேடையில் சொட்டின. ஈரம் வெளியேறுகிறது, நல்லது என்றான் றிபாஸ். கமீலா அதைத் தொட்டு மூக்கில் வைத்தாள். கழுவாத தலையணையின் மணம். அதோடு, புகைக்குள் இன்னொன்று, கோழியைத் தீயில் வாட்டும்போது வருமே, அந்த மயிர் கருகும் நாற்றம்.

அரசாங்கம் மையத்துகளைப் புதைக்க விடாமல் எரிக்கச் சொன்ன அந்தத் தொற்றுநோய் வருடத்தில், ஊர் நோய்க்குப் பயந்ததைவிட நெருப்புக்குத்தான் அதிகம் பயந்தது. எங்களை மண்ணிலேயே வை, நெருப்பில் வைத்துவிடாதே என்று ஒவ்வொரு தொழுகையிலும் அழுதவள் அவள். அந்த நாற்றம் எப்படி இருக்கும் என்று அன்று படுக்கையில் கிடந்து நினைத்ததெல்லாம் இன்று அவளுடைய மாமரத்துக்குக் கீழே புகையாக நின்றது.

மறுநாள் காலையில் மூன்று குவியல்கள் மேடை விளிம்பில் இருந்தன. அடுத்த நாள் மேடைக்குக் கீழே. அதற்கடுத்த நாள் கிணற்றடியில், குசினியைப் பார்த்து வரிசையாக. எல்லாவற்றிலும் அதே மூன்று விரல் தடம். றிபாஸ் அவளுக்கு முன்னால் எழும்பிப்போய் அவற்றை அள்ளப் பழகியிருந்தான். அவன் முகம் வற்றிவிட்டது. சாப்பாட்டில் கல் கடிக்கிறது என்று எச்சிலைத் துப்பிக்கொண்டே இருந்தான். என்ன என்று கேட்டால் எரிந்து விழுந்தான். ஒருமுறை கோப்பையைத் தூக்கிச் சுவரில் அடித்தான். இந்த மனிதன் கை ஓங்கி அவள் பார்த்ததில்லை.

பிறகு கோழி. வெள்ளைப் பேடு போறணைக்கு முன்னால் மல்லாந்து கிடந்தது. அலகு இரண்டாகக் கிழிந்திருந்தது. தொண்டையிலிருந்து வயிறு வரை உரலாட்டம் புடைத்து, தோல் வெடித்து, வெடிப்பு வழியே வெள்ளை மணல் சொட்டிக்கொண்டிருந்தது. யாரோ வாயைப் பிளந்து, பிடி பிடியாகத் திணித்து, உள்ளே தள்ளித் தள்ளி இறுக்கியிருக்கிறார்கள். அம்ஹா காண்பதற்குள் கமீலா அதைச் சீலைத் துண்டில் சுற்றிப் புதைத்தாள். புதைக்கத் தோண்டிய இடத்திலும் மணல் ஆழமாக இருந்தது. அவள் பரப்பியது விரல் கனம்தான்.

போறணையின் உட்கூரையில் கீறல் விழுந்திருக்கிறது என்று கதிர்காமனை வரச் சொன்னான் றிபாஸ். நல்ல வெயில் நேரம். மேசன் சாந்துக் கரண்டியோடு வலது கையைத் தோள் வரை உள்ளே விட்டு, கன்னத்தைக் கல்லில் சாய்த்துக்கொண்டு, தடவித் தடவிப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது.

"தம்பி, உள்ளுக்க ஆரையும் விட்டிரிக்கீங்களா?"

அடுத்து எலும்பு நொறுங்கும் ஓசை, கரும்பு முறிப்பதுபோல. அவர் அலறவில்லை, மூச்சு மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஒரு காலை மேடையில் உதைத்துக் கையைப் பிடுங்கினார். ரத்தம் கமீலாவின் முகத்தில் அடித்தது. மோதிர விரலும் சுண்டுவிரலும் அடியோடு இல்லை. வெட்டுப்படவில்லை. திருகிப் பிடுங்கியதுபோல நரம்பு இரண்டு நூலாகத் தொங்கியது.

அவள் தலைத்துணியால் கையைக் கட்டினாள். றிபாஸ் அவரை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். வழியிலிருந்து அழைத்து, ஒரு கல் கழன்று விழுந்திருக்கும், விரல்களைத் தேடி ஐஸில் போட்டுக் கொண்டுவா என்றான். அவள் டோர்ச் அடித்துத் தேடினாள். விரல் இல்லை. ஒரு சொட்டு ரத்தம்கூட உள்ளே இல்லை. கூரையில் ஒரு கல்லும் கழன்றிருக்கவில்லை. எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன.

மறுநாள் காலையில் குவியல்கள் குசினிக்குள் இருந்தன. நிலைப்படியைத் தாண்டி, உள்ளே.

கமீலா அருகில் குந்தினாள். இப்போது ஐந்து விரல் தடம். ஐந்தாவது தடத்தின் நுனியில், நீளமான நகம் மணலைக் கீறிய கோடு.

அவள் பின்வளவுக்குப் போனபோது றிபாஸ் பாலை விறகைப் போறணை முட்ட அடுக்கிக் கொளுத்தியிருந்தான். ஆள் உயரத்துக்கு நெருப்பு வாயால் வந்தது. உட்கூரை கறுப்பு நீங்கி வெளுக்கத் தொடங்கியிருந்தது. கடைசிச் சூடு, இதோடு எல்லாம் எரிந்து முடிந்துவிடும் என்று தனக்குத்தானே முணுமுணுத்தபடி மேலும் மேலும் விறகைத் தள்ளினான். புருவம் கருகியிருந்தது. அதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"இஞ்ச பாருங்க. எங்க எடுத்த மணல் இது?"

"கடல் வெட்டின இடத்துல."

"எந்த இடம்?"

அவன் நெருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மையவாடிக்குக் கீழ."

அதன் பிறகு அவன் வாய் நிற்கவில்லை. மாரிக்காலத்தில் கடல் ஏறி, மையத்து அடக்கும் மையவாடியின் மதிலைச் சாய்த்துவிட்டதாம். விளிம்பு இடிந்து, அடியில் மணல் பொலபொலவென்று கொட்டிக் கிடந்ததாம். இருட்டுமுன், மஃரிபு தொழுகைக்கு முன்னால் பெட்டியை நிரப்பிவிடும் அவசரத்தில் மண்வெட்டி எதிலோ மாட்ட, வேர் என்று நினைத்துக் காலால் மிதித்து வெட்டியிருக்கிறான். வந்தது வெள்ளைத் துணி ஒட்டிய ஒரு கை. இரண்டு விரல் வெட்டில் போய்விட்டது. திரும்பப் புதைக்கலாம் என்று நினைத்தானாம். ஆனால் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. கண்டுவிட்டால் ஊரில் முகத்தில் விழிக்க முடியாது. அப்படியே மணலோடு மணலாக ஏற்றி, மூடிக் கொண்டுவந்துவிட்டான். சாந்து குழைக்கும்போது எதையும் பார்க்காமல் குழைத்தான்.

"மூண்டு பிடி என்னத்துக்கு?" என்றாள் கமீலா. "அதச் சொல்லுங்க."

பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. அவள் வாப்பாவைக் கொண்டுபோனபோதும் கேற்றடியில் நின்று அழுததோடு சரி. உள்ளே நடப்பது அவளுக்குத் தெரியாது.

"கபுறுக்குள்ள வச்சாப் பிறகு, மூட முந்தி, வந்த ஆக்கள் எல்லாரும் ஆளுக்கு மூண்டு பிடி மண் போடுவம்."

"இது ஆருக்குப் போடுது?"

குசினிப் படியில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த அம்ஹாவைப் பார்த்தான்.

கமீலா பிள்ளைக்கும் போறணைக்கும் நடுவில் வந்து நின்றாள். அவளுக்குப் பயம் மட்டுமல்ல, அடக்க முடியாத கோபமும் வந்தது. பிள்ளைக்கு வாப்பா வேண்டும் என்று பல்லைக் கடித்துப் பொறுத்ததற்கு இதுவா?

"உடைங்க," என்றாள்.

"கமீலா, கல்லு நெருப்பா இரிக்கி. ஆறினாப் பிறகு..."

"இது என்ட வீடு. இப்ப உடைங்க."

கல்யாணம் முடிந்து இத்தனை வருடத்தில் அந்தச் சொல்லை அவள் சொன்னதில்லை. றிபாஸ் இரும்பு அலவாங்கை எடுத்தான். முதல் குத்தில் கூடு அதிர்ந்தது. இரண்டாவதில் ஒரு செங்கல் உள்ளே விழுந்தது. மூன்றாவதில் முதுகு முழுவதும் பிளந்தது.

நெருப்பு வெளியே வரவில்லை. மணல் வந்தது. சிவக்கக் காய்ந்த மணல், அடைத்த தண்ணீர் திறந்ததுபோல, விறகையும் தணலையும் அள்ளிக்கொண்டு பாய்ந்து வந்தது. றிபாஸின் முழங்கால் வரை ஏறியது. அவன் கத்தினான். கால் மயிர் பொசுங்கும் நாற்றம். தோல் பொரியும் சத்தம். அலவாங்கை ஊன்றி ஏறப் பார்த்தான். மணல் அவனைக் கீழே இழுத்தது.

கமீலா அவன் இடுப்பைப் பிடித்தாள். இழுத்தாள். அவன் கட்டியிருந்த சாரம் கையோடு வந்தது. அக்குளுக்குள் கை போட்டு மறுபடி இழுத்தாள். அவள் முழங்கைகள் மணலில் பட்டுக் கொப்புளித்தன. விடவில்லை. அல்லாஹ்வே, அல்லாஹ்வே என்று இழுத்தாள்.

அப்போது பிளவுக்குள்ளிருந்து கை வந்தது.

கருகிய கை. எலும்பில் ஒட்டிக் காய்ந்த தோல். அதில் இரண்டு விரல் மட்டும் புதிது. மண்ணிறமாக, சதையோடு, நீளமான நகத்தோடு. அது றிபாஸின் தாடையைப் பிடித்தது. கீழே இழுத்தது. தாடை கழன்ற சத்தம் அவள் நெஞ்சில் அதிர்ந்தது. பிறகு அது மணலை அள்ளியது. அவன் வாய்க்குள் வைத்தது. நகம் உள்ளே போகும்வரை தள்ளியது.

"ஒண்டு," என்றாள் படியில் நின்ற அம்ஹா.

மறுபடி அள்ளியது. அவன் கழுத்து புடைத்தது. கண்கள் கமீலாவைத்தான் பார்த்தன. வெண்மை முழுக்கச் சிவப்பாகி, பிதுங்கி, பார்த்துக்கொண்டே இருந்தன.

"ரெண்டு."

அவன் கால் உதைப்பது நின்றது. அவள் பிடியில் இருந்த தோள் கனத்தது. கல்லாய்க் கனத்தது.

அவள் விட்டுவிட்டாள்.

மூன்றாவதைப் பிள்ளை எண்ணுவதற்குள் ஓடிப்போய்த் தூக்கினாள். குசினிக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். முன்வாசலுக்கு ஓடினாள். திறக்கக் கை வைத்தவள் நின்றாள். கதவிடுக்கு வழியே தெரிந்தது, கேற் வரைக்கும் அவள் கையால் பரப்பிய மணல். வெள்ளையாக. அதன் நடுவில் ஏதோ நெளிந்தது.

உள் அறைக்குள் போனாள். ஜன்னலோரக் கட்டிலின் மூலையில் பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒடுங்கினாள். காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸி பாதியில் மறந்து போனது. முதலிலிருந்து தொடங்கினாள். மறுபடி மறந்தது. வெளியே நடுப்பகல் லுஹர் பாங்கு கேட்டது. தெருவில் பாண் விற்கிறவனின் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போனது. ஊர் வழமைபோல இருந்தது.

தகரக் கூரையில் மணல் விழுந்தது. ஒரு பிடி.

அம்ஹா தலை நிமிர்ந்தாள். கமீலா அவள் வாயைப் பொத்தினாள். பொத்திய கைக்குள் சின்ன உதடுகள் அசைந்தன.

மறுபடி ஒரு பிடி. மறுபடி.

பிறகு அமைதி.

ஜன்னல் பக்கம் நிழல் விழுந்தது. அம்ஹா கையை விலக்கிக்கொண்டு, பாடம் ஒப்புவிக்கும் பிள்ளையின் சந்தோஷத்தோடு சொன்னாள், "உம்மா, வாப்பா எங்கயும் போகல்ல."

கம்பிகளுக்கு வெளியே றிபாஸ் நின்றான். முகத்தில் பாதி வெந்து வழிந்திருந்தது. கழன்ற தாடை மார்பில் தொங்க, வாய் விளிம்பு வரை மணல் நிறைந்து, மூச்சில்லாமல் இருந்தது. கை நிறைய மணல் வைத்திருந்தான். அதைக் கம்பி வழியே நீட்டி, தூங்கும் பிள்ளைக்குப் போர்வை இழுத்துவிடும் தகப்பனின் பக்குவத்தோடு, அம்ஹாவின் தலையில் போட்டான். சூடு ஆறாத மணல். பிள்ளை வீறிட்டாள். இரண்டாவது பிடி கமீலாவின் மடியில் விழுந்தது.

அவனுக்குப் பின்னால் வளவெல்லாம் ஆட்கள். கடல் துணியை அரித்தவர்கள், கை இல்லாதவர்கள், முகமே இல்லாதவர்கள், ஒருவர் பின் ஒருவராக வேலி வரை, வேலிக்கு அப்பால் ஒழுங்கை வரை, குனிந்து மணலை அள்ளிக்கொண்டு அமைதியாக நின்றார்கள்.

றிபாஸ் மூன்றாவது பிடியையும் போட்டுவிட்டு, பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு ஒதுங்கினான்.